எவ்லின் விழும் காட்சி

கை முறிந்து வந்த ஒருத்தியைப் பார்த்து ஒரு வார்டே சிரித்தது என்றால் யாரும் நம்பமாட்டார்கள். எவ்லினுக்கு அதுதான் நடந்தது. வலது மணிக்கட்டு வீங்கி, விரல்கள் கத்தரிக்காய் நிறத்தில் தொங்க, அவள் வாங்கில் உட்கார்ந்திருந்தாள். எக்ஸ்ரேக்குக் கூட்டிப்போக வந்த நர்ஸ் மிஸ்ஸி அவள் முகத்தை ஒருமுறை உற்றுப் பார்த்தாள். பிறகு சிங்களத்தில், ‘வெட்டென அக்கா’ என்று மற்ற மிஸ்ஸிமாரைக் கூப்பிட்டாள். விழுகிற அக்கா. பேஸ்புக்கில் எவ்லினுக்கு அதுதான் பெயர். அவள் விழுவதைப் பார்த்துச் சிரிக்கத் தமிழ் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

எப்படி முறிந்தது என்று டொக்டர் கேட்டதற்கு, ரிகர்சலில் விழுந்தேன் என்று வழமைபோலச் சொன்னாள். பக்கத்தில் குடையும் தோடம்பழப் பையுமாக நின்ற பிறெடி, அவள் எப்படி விழுந்தாள் என்று நடித்தே காட்டினான். அடுத்த கட்டில் கிழவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிளாஸ்டர் போட்டு முடிந்ததும் பிறெடி தோடம்பழத்தை உரித்து, நார் எடுத்து, சுளை சுளையாக எவ்லினுக்கு ஊட்டிவிட்டான். இப்படி ஒரு புருசன் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று கிழவி பெருமூச்சு விட்டாள். எவ்லின் வாயைத் திறந்து சுளையை வாங்கினாள். சும்மா சொல்லக்கூடாது, பழம் நல்ல இனிப்புத்தான்.

கொட்டாஞ்சேனையில் தோட்டம் என்றால் வெளியூர் ஆட்கள் மரம் செடியைத் தேடுவார்கள். அங்கே ஒரு முருங்கைகூடக் கிடையாது. ஒரே தகரக் கூரைக்குக் கீழே இரண்டு பக்கமும் வரிசையாக வீடுகள், நடுவில் இரண்டு பேர் விலத்திப் போகமுடியாத ஒரு நடை, கடைசியில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு பைப். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் பலகைதான் சுவர். ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தும்முவார்கள். அப்படிப்பட்ட இடத்தில் புருசனிடம் அடி வாங்குவதை மறைக்க முடியாது. எவ்லின் மறைக்கவில்லை. அதற்கு வேறு பெயர் வைத்தாள்.

அவள் சிரிப்புக்காரியானதே தற்செயல்தான். இளம் பெட்டையாக இருந்தபோது கோயிலின் பாடுகளின் நாடகத்தில் எருசலேம் பெண்களில் ஒருத்தியாக, கையில் குடத்தைக் கொடுத்து அழவிட்டிருந்தார்கள். ஆண்டவர் சிலுவை சுமந்து போகிற கட்டத்தில் சேலை நுனியை மிதித்து, குடத்தோடு உருண்டு, ஒரு ரோமாபுரிப் படைவீரனின் காலடியில் போய்க் குந்தினாள். குந்தினவள், விட்ட இடத்திலிருந்து அழுகையைத் தொடங்கினாள். தவசு காலத்தில் முழு மண்டபமும் சிரித்தது. அடுத்த வருசம் ஃபாதர் அவளைச் சேர்க்கவில்லை. திரை இழுத்துக்கொண்டிருந்த பிறெடி சேர்த்துக்கொண்டான்.

பிறெடிக்குத் துறைமுகத்துப் பண்டகசாலையில் வேலை. அங்குள்ள தொழிலாளரின் நாடகக் குழுவில் அவன்தான் எழுத்து, அவன்தான் டைரக்‌ஷன், சனத்தைச் சிரிக்கவைக்கிற பகிடிக்காரனும் அவன்தான். கலியாணத்துக்குப் பிறகு குழு இரண்டு பேராகச் சுருங்கியது. வத்தளைக் கோயில் திருநாளா, மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்து அம்மன் திருவிழாவா, வெள்ளவத்தையில் ஐம்பதாவது பிறந்தநாளா, பிறெடி எவ்லின் ஜோடியைக் கூப்பிடு என்றார்கள். நாடகத்தின் பெயர் மாறும், கதை மாறும். ஒரு காட்சி மட்டும் மாறாது. குடித்துவிட்டு வருகிற புருசன் சோறு கேட்பான், பெண்சாதி எதிர்க்கதை கதைப்பாள், அவன் அறைவான், அவள் விழுவாள். சனம் அதற்குத்தான் வரும்.

மேடை அடியில் ஒரு தந்திரம் இருக்கிறது. அடிக்கிறவனின் கை கன்னத்தில் படாமல் காற்றோடு போகும். சத்தத்தைப் போடவேண்டியவள் வாங்குகிறவள். நெஞ்சுக்கு நேரே, சனத்தின் கண்ணுக்குப் படாமல், தன் இரண்டு உள்ளங்கைகளையும் அவளே தட்டவேண்டும். எவ்லின் அதில் கெட்டிக்காரி. கடைசி வரிசையில் இருக்கிறவன்கூடத் தன் கன்னத்தைத் தடவிப் பார்ப்பான்.

வீட்டில் அந்தச் சத்தத்தை அவள் போட வேண்டியிருக்கவில்லை. பிறெடி பெரிய குடிகாரனும் இல்லை, பெண் பித்தனும் இல்லை. செத்த வீட்டில் முதல் ஆளாக நின்று கதிரை அடுக்குவான், திருநாளில் மாதா சுரூபக் கூடு தூக்குவான், தோட்டத்தில் யாருக்கு ஆஸ்பத்திரி என்றாலும் கூடப் போவான். அவனுக்கு ஒன்றே ஒன்றுதான் பொறுக்காது. அவனுடைய சிரிப்பை அவள் வாங்கிவிடக் கூடாது. அவன் எழுதாத ஒரு சொல்லுக்கோ, சும்மா திரும்பிப் பார்த்த ஒரு பார்வைக்கோ மண்டபம் அவளுக்குச் சிரித்துவிட்டால், மேடையில் அவனும் சேர்ந்து சிரிப்பான். வழியெல்லாம் கலகலப்பாகக் கதைத்துக்கொண்டு வருவான். வீட்டுக் கதவைச் சாத்திய பிறகுதான் கணக்குத் தீர்ப்பான்.

முதல் தடவை அவள் அலுமாரிக்கும் கட்டிலுக்கும் நடுவில் விழுந்தாள். நாடியை உள்ளே இழுத்து, தோள்பட்டையைக் கொடுத்து, உடம்பைத் தளர விட்டால் எலும்பு தப்பும் என்று அந்தத் தரையில்தான் கண்டுபிடித்தாள். அடுத்த மேடையில் அதே விழுகையை விழுந்தாள். மண்டபம் அதிர்ந்தது. அதன் பிறகு வீட்டில் விழுந்ததெல்லாம் மேடைக்குப் போயிற்று. நன்றாக விழுந்ததால் சனம் அதிகம் சிரித்தது. சனம் அதிகம் சிரித்ததால் வீட்டில் அதிகம் விழுந்தாள். எவ்லினின் கலைவாழ்க்கை என்று பெரிதாகச் சொல்ல அதற்குமேல் ஒன்றுமில்லை.

சத்தம் கேட்டு ஒருநாள் பக்கத்து வீட்டார் கதவைத் தட்டியபோது அவள் திறந்து, இடுப்பில் கை வைத்து, கோணல் சிரிப்பு ஒன்று சிரித்து, ரிகர்சல் என்றாள். வந்தவர்களும் சிரித்தார்கள். பிறகு யாரும் தட்டவில்லை. சத்தம் கேட்டால் நடையில் வாங்கு போட்டு உட்கார்ந்து, எந்தத் திருநாளுக்கு என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

ஒரே பிள்ளை லவினாவுக்கும் அதே கதையைத்தான் சொன்னாள். சின்னப் பிள்ளையாக இருக்கும்போது ஒருநாள் அவள் பயந்து எழும்பிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். எவ்லின் தரையில் கிடந்தபடியே கண்ணைச் சொருகி, நாக்கைத் தள்ளி, அறுத்த கோழி மாதிரி ஒரு காலை ஆட்டிக் காட்டினாள். டடியும் அம்மாவும் நாடகம் பழகுகிறோம் என்றாள். பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தது, கைதட்டியது. பிறெடிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு அடி அதோடு நின்றது.

இந்த முறை கை முறிந்ததற்கு மழையும் ஒரு காரணம். வத்தளையில் ஒரு கலியாண வீட்டில் ஆடிய காட்சியை லவினா பேஸ்புக்கில் போட்டிருந்தாள். கீழே எழுதியிருந்தவர்கள் எல்லாரும் எவ்லினைப் பற்றியே எழுதியிருந்தார்கள். லவினா வேலைக்குப் போயிருந்த நேரம், பிறெடி அவற்றை ஒவ்வொன்றாக, தன் இனிமையான குரலில், எவ்லினுக்கு வாசித்துக் காட்டினான். வாசித்து முடித்து போனை மேசையில் வைத்தான். கூரை ஒழுகித் தரை ஈரமாக இருந்தது. எவ்லினுக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. தோளைக் கொடுக்க முந்திக் கால் வழுக்கிக் கை அடியில் மாட்டிக்கொண்டது.

கோயில் திருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. தன்னால் ஒற்றைக் கையோடும் நடிக்க முடியும் என்று எவ்லின் மதியச் சாப்பாட்டில் வைத்துச் சொன்னாள். பிறெடி பருப்பைக் குழைத்தபடி தலையாட்டினான்.

“உடைஞ்ச கையோட விழுந்தா சனம் பாவப்படும், எவி. பாவப்பட்ட சனம் சிரிக்காது. லவினா செய்யட்டும்.”

லவினா நிமிர்ந்தே பார்க்கவில்லை. சரி டடி என்று சொல்லிவிட்டுச் சொதியை எடுத்து ஊற்றிக்கொண்டாள். எவ்லின் கரண்டியை வைத்துவிட்டாள். இவ்வளவு காலமும் பிறெடி பிள்ளைமேல் ஒரு விரல் வைத்தது கிடையாது. ஏனென்றால் பிள்ளை இவ்வளவு காலமும் மேடை ஏறினது கிடையாது. லவினாவுக்குச் சிரிப்பு வரவைக்கத் தெரியும் என்று எவ்லினுக்குத் தெரியும். வெள்ளவத்தைப் புடவைக்கடையில் வேலை முடிந்து வந்தால், சேலையை நாற்பது தரம் விரிக்க வைத்துவிட்டு கர்ச்சீப் வாங்கிப்போகிற மனுசிகளை அவள் நடித்துக் காட்டுவாள். தோட்டம் முழுக்க வந்து நின்று பார்க்கும். அவள் மேடை ஏறினால் பிறெடியை விழுங்கிவிடுவாள். அதற்குப் பிறகு வீட்டுக் கதவு சாத்தப்படும்.

எவ்லின் விடியற்காலையில் இடியப்பம் அவித்துச் சந்திக் கடைக்குக் கொடுப்பவள். கை போனதிலிருந்து லவினாதான் பிழிந்துகொடுத்துவிட்டு வேலைக்கு ஓடினாள். வறுத்த சிவப்பரிசி மாவில் கொதிதண்ணீர் விட்டு அகப்பைக் காம்பால் கிண்டுவது மட்டும் எவ்லினுக்கு முடிந்தது. பிறெடி குறட்டை விட்டுக்கொண்டிருந்த ஒரு விடியலில், தட்டுகளுக்கு எண்ணெய் தடவியபடி அவள் கதையைத் தொடங்கினாள்.

“நீ டடியோட மேடை ஏற வேண்டாம், பிள்ளை.”

“ஏன்?”

“இந்தக் கை ரிகர்சல்ல உடைஞ்சதில்லை. அவர் உடைச்சது.”

லவினா உரலை அழுத்திக்கொண்டே இருந்தாள். மா நூல் நூலாகத் தட்டில் விழுந்தது. ஒரு தட்டை நிரப்பி, அடுத்த தட்டை இழுத்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

“ஆஸ்பத்திரியில ரிகர்சல் எண்டு சொன்னீங்க.”

“பொய் சொன்னனான். உனக்கும் சின்னனில இருந்து பொய்தான் சொன்னனான். எல்லாம் உண்மையான அடி. நீ பிறக்க முந்தியே தொடங்கினது.”

“அப்ப இவ்வளவு நாளும் சொல்லாம, நான் நடிக்கப் போறன் எண்ட உடனதான் அது உண்மையாகுது, என்ன?” லவினா சிரித்தாள். “உங்கட இடத்தில நான் நிக்கிறது பொறுக்கேல்லை எண்டா நேரா சொல்லுங்கோ அம்மா. அதுக்கு ஏன் டடியை இழுக்கிறீங்க.”

அடி வாங்கியபோதெல்லாம் இப்படி வலித்ததில்லை. தன் வாயாலேயே ஊட்டி வளர்த்த பொய். இப்போது உண்மையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. தட்டுகளை அடுக்கி ஸ்டீமரில் வைத்து மூடினாள்.

இரண்டு நாள் மழை விடாமல் பெய்து, நடையோரத்துச் சாக்கடைக் கான் அடைத்துக்கொண்டது. ஆம்பிளைகள் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள். பக்கத்து வீட்டுச் சீனியம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குச்சியால் குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தாள். மலைநாட்டிலிருந்து கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தை மாடிவீடுகளில் கூட்டித் துடைத்து, மகளையும் பேரப்பிள்ளைகளையும் தாங்குகிறவள். எவ்லின் ஒற்றைக் கையால் வாளியைப் பிடித்துக்கொண்டாள். நடையில் வேறு யாருமில்லை. பலகைக்கு அந்தப் பக்கம் இத்தனை வருசம் இருந்தவளிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது. சொன்னாள்.

சீனியம்மா குச்சியை நிறுத்தவில்லை.

“தெரியும்டி.”

“என்ன தெரியும்?”

“எல்லாந்தான். நாடகத்துல அறையிற சத்தம் ஒண்ணு, ஒன்னைய அறையிற சத்தம் வேற. பலகைக்கு இந்தப் பக்கம் தலைய வச்சுப் படுக்கிறவளுக்கு அதுகூடவா வெளங்காது.”

“பிறகேன் சிரிச்சீங்க? எல்லாருமா வாங்கு போட்டிருந்து ஏன் சிரிச்சீங்க?”

“நீதான கதவத் தொறந்துக்கிட்டு வந்து சிரிச்சே. நீ சிரிச்சுக்கிட்டு நிக்கிறப்ப நாங்க மொகத்தத் தொங்கப் போட்டா ஒனக்கு அவமானமாப் போயிறாதா. ஒன் மானத்துக்குத்தான் சிரிச்சோம், எவ்லினு.”

கானில் தேங்கியிருந்த தண்ணீர் கபகபவென்று இறங்கத் தொடங்கியது. எவ்லினுக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. எது முதலில் என்று தெரியாமல் வாளியைக் கீழே வைத்தாள். நான் சொன்னால் லவினா நம்பமாட்டாள், நீங்கள் ஒருக்கால் சொல்லுங்கள் என்று கெஞ்சினாள். சீனியம்மா நடையின் இரண்டு பக்கமும் பார்த்தாள்.

“நா சொல்லி, அது அவரு காதுக்குப் போச்சுன்னா? நாங்க வாடகைக்கு இருக்கிறது அவரோட அண்ணன் வீடு. இந்தப் புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு நா எங்க போவேன்?”

எவ்லின் வாளியை மறுபடி எடுத்தாள். இருவருமாகக் கானைத் துப்புரவாக்கி முடித்தார்கள்.

திருநாள் பின்னேரம் நற்கருணை ஆசீர் முடிந்ததும் சனம் அப்படியே மண்டபத்துக்குள் வந்து நிறைந்தது. மழைக்கு ஒதுங்கினவர்களும் சேர்ந்து கதவு வரைக்கும் நின்றார்கள். பற்றிஸ் பலகாரமும் நெஸ்காப்பியும் கைக்குக் கை மாறிக்கொண்டிருந்தன. பிளாஸ்டர் கையோடு வந்த எவ்லினுக்கு முன்வரிசையில் கதிரை போட்டுக்கொடுத்தார்கள். பிள்ளை அம்மாவைப்போல விழுவாளா என்று எல்லாரும் கேட்டார்கள். அவள் சிரித்துக்கொண்டு தலையாட்டினாள். அன்று காலை மாதாவுக்கு முன்னால் முழங்காலில் நின்று, என் பிள்ளைக்கு ஒருத்தரும் சிரிக்கக் கூடாது என்று மன்றாடிவிட்டு வந்திருந்தாள். எந்தத் தாயும் அப்படி மன்றாடியிருக்க மாட்டாள்.

மாதா கேட்கவில்லை. லவினா மேடைக்கு வந்து, ஒன்றும் பேசாமல், சனத்தை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள். சிரிப்பு அங்கேயே தொடங்கியது. பிறெடி குடிகாரனாகத் தள்ளாடி வந்து வசனத்தைத் தொடங்கினான். மேடைக்கு மேலே கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. அது நாடகத்தில் இல்லை. லவினா சண்டையை நடுவில் விட்டுவிட்டு உள்ளே போய், அங்கே ஒழுக்குக்கு வைத்துப் பாதி நிரம்பியிருந்த ஒரு பெரிய சட்டியைக் கொண்டுவந்து, துளி விழுகிற இடத்தைத் தேடினாள். துளி பிறெடியின் தலையில் விழுந்துகொண்டிருந்தது. அவனைப் பிடித்து, அலுமாரியைத் தள்ளுவதுபோலத் தள்ளி நகர்த்திவிட்டு, அந்த இடத்தில் சட்டியை வைத்தாள். மண்டபம் கிழிந்தது. பிறெடி தன் பகிடியைச் சொன்னான், யாருக்கும் கேட்கவில்லை. திரும்பச் சொன்னான். அதற்குள் லவினா சட்டியைத் தூக்கி, எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று எட்டிப் பார்த்தாள். ஃபாதர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

எவ்லின் பிறெடியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவனும் சிரித்துக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்பை அவளுக்குத் தெரியும்.

அறைகிற கட்டம் வந்தது. அவன் கை ஓங்கினான். லவினாவின் இரண்டு கைகளும் சட்டியைப் பிடித்திருந்தன. தட்டுவதற்கு அவளிடம் கை இல்லை. ஆனால் சத்தம் கேட்டது. கடைசி வரிசைக்கும் கேட்டது. லவினா ஒரு கணம் அப்படியே நின்றாள். பிறகு சட்டியோடு சுழன்று, தண்ணீர் முழுவதையும் பிறெடியின் மேல் கவிழ்த்து, தோளைக் கொடுத்து, கால் இரண்டும் மேலே போக விழுந்தாள். சனம் எழும்பி நின்று கைதட்டியது. பக்கத்தில் இருந்த மனுசி, உன்னையும் மிஞ்சிவிட்டாள் என்று எவ்லினின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

மறைக்கல்வி வகுப்பறையைத்தான் உடுப்பு மாற்றக் கொடுத்திருந்தார்கள். எவ்லின் மழையில் சுற்றிப்போய்ப் பின்கதவால் நுழைந்தாள். பிறெடி இன்னும் முன்னால் ஆட்களோடு நின்றான். லவினா கரும்பலகைக்குக் கீழே உட்கார்ந்து தேங்காயெண்ணெயும் பஞ்சுமாக முகத்துப் பூச்சைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த பக்கத்தில் கன்னம் வீங்கியிருந்தது, விரல் தடங்கள் தனித்தனியாகத் தெரிந்தன.

“உண்மையாத்தான் அடிச்சவர்,” என்றாள் எவ்லின். “நான் கண்டனான். உன்ர ரெண்டு கையும் சட்டியில.”

“ஓம்.”

“இனியாவது நான் சொன்னதை நம்புவியா?”

லவினா பஞ்சை மேசையில் வைத்தாள்.

“எப்ப அம்மா நான் நம்பாம இருந்தனான்?”

எவ்லினுக்கு விளங்கவில்லை. அன்றைக்கு இடியப்பம் பிழியும்போது நீ சொன்னது என்ன என்று கேட்டாள்.

“அப்பிடிச் சொல்லாட்டி நீங்க என்னை மேடை ஏற விட்டிருப்பீங்களா? உடைஞ்ச கையோட நீங்கதான் ஏறியிருப்பீங்க.”

“சின்னனில நீ சிரிச்சியே. கைதட்டினியே.”

“நான் சிரிச்சா டடி நிப்பாட்டுறவர். முதல் நாள் பயத்தில என்னவோ சிரிச்சிட்டன், அவர் நிப்பாட்டினார். பிறகு ஒவ்வொரு முறையும் சிரிச்சனான். சில நேரம் சிரிப்பு வராது. தலாணிக்குள்ள முகத்தை வைச்சுப் பழகிப்போட்டு, அது சரியா வந்த பிறகு எழும்பி இருந்து சிரிப்பன்.” அவள் குரலில் குற்றச்சாட்டு ஒன்றும் இருக்கவில்லை. “பிள்ளைக்கு நடிப்பு எங்கால வந்தது எண்டு எல்லாரும் கேக்கினம். வேற எங்கால?”

எவ்லின் பிள்ளைகள் உட்காருகிற சின்ன வாங்கில் இருந்துவிட்டாள். பிள்ளையையாவது காப்பாற்றி வைத்திருக்கிறேன் என்பது ஒன்றுதான் அவளிடம் இருந்தது. அதுவும் இல்லை. கட்டிலில் உட்கார்ந்து கைதட்டிய அந்தச் சின்னப் பிள்ளை நடித்துக்கொண்டிருந்திருக்கிறது, அவளைவிட நன்றாக.

“உங்களுக்கு இனி விழேலாது அம்மா,” என்றாள் லவினா. “எலும்பு விடாது. எனக்கு ஏலும். கொஞ்ச நாளைக்கு நான் பாக்கிறன். பிறகு பாப்பம்.”

கொஞ்ச நாளைக்கு. கலியாணம் முடித்த வருசம் எவ்லினும் இதே சொல்லைத்தான் தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

முன்னால் ஃபாதரின் குரல் மைக்கில் கேட்டது. இந்த மண்டபத்தை இத்தனை வருசமாகச் சிரிக்க வைத்த எவ்லின் அக்காவுக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறோம், மேடைக்கு வரவேண்டும் என்றார். சனம் கைதட்டிக் கூப்பிட்டது. எவ்லின் எழும்பினாள். லவினா போகவேண்டாம் என்பதுபோலக் கையைப் பிடித்தாள். எவ்லின் அதை மெல்ல எடுத்துவிட்டு நடந்தாள்.

நனைந்த சேலையும் பிளாஸ்டர் கையுமாக அவள் மேடையில் ஏறியதற்கே சிரிப்பு எழுந்தது. பிறெடி, உடம்பிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, அவளுக்குக் கை கொடுத்து நடுவில் கொண்டுவந்து நிறுத்தினான். பொன்னாடையை அவன்தான் போர்த்தினான். இரண்டு வார்த்தை பேசச் சொல்லி ஃபாதர் மைக்கைக் கொடுத்தார். எவ்லின் அதை இடது கையில் வாங்கிக்கொண்டாள். மேடையில் வசனத்தைத் தவிர அவள் ஒன்றும் பேசிப் பழகியதில்லை.

“இந்தக் கை ரிகர்சல்ல உடைஞ்சதில்லை,” என்றாள். “பிறெடி உடைச்சது. இவ்வளவு காலமும் நான் வீட்டில விழுந்ததெல்லாம் இவர் அடிச்சு விழுந்தது. இப்ப நீங்க பாத்தீங்களே, லவினாவுக்கு அடிச்சது, அதுவும் உண்மையான அடி.”

மண்டபம் வெடித்தது. கதவடியில் நின்றவர்கள் ஒருவரையொருவர் தட்டிச் சிரித்தார்கள். பிறெடி இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போட்டான். சிரிப்பு இன்னும் ஏறியது. குனிந்து எழும்பும்போது அவன் எவ்லினைப் பார்த்த பார்வை அவளுக்கு மட்டும்தான் தெரிந்தது.

எவ்லின் அசையவில்லை. சனம் சிரிக்கும்போது பேசினால் அந்தச் சொல் போய்விடும் என்று எந்தப் பகிடிக்காரிக்கும் தெரியும். லவினா பின்னாலிருந்து வந்து, பூச்சுத் துடைத்த கன்னத்தோடு, அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றாள். முன்வரிசை மனுசிகள் அந்தக் கன்னத்தைப் பார்த்தார்கள். ஒருத்தி வாயில் வைத்த கையை எடுக்கவில்லை. நாலாவது வரிசையில் சீனியம்மா மடியைப் பார்த்தபடி தலையைக் குனிந்திருந்தாள். ஃபாதர் சிரிப்பதா விடுவதா என்று தெரியாமல் பிறெடியைப் பார்த்தார். பின்னால் இருந்தவர்கள் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். எவ்லின் மைக்கை வாயிலிருந்து எடுக்காமல், கடைசி ஆள் சிரித்து முடிக்கும்வரை காத்து நின்றாள்.